ட்றிப் சுவிச்: எப்போது காக்கும், எப்போது கைவிடும்?

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று சொந்தக் காணிக்குத் திரும்பினால் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். கிணறு தூர்ந்திருந்தால் இறைத்துத் துப்புரவாக்க வேண்டும். இறைப்பதற்கு மோட்டர் வேண்டும். மோட்டருக்குக் கறண்ட் வேண்டும். 1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டுப் புறப்பட்டு, இணுவில், சுன்னாகம், மல்லாகம் பகுதிகளில் முகாம்களிலும் மற்றவர் வளவுகளிலும் நீண்ட காலம் வாழ்ந்த குடும்பங்களில் பல, 2010 க்குப் பின் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது இந்த ஒழுங்கிலேயே வாழ்க்கையைத் தொடங்கின. இன்னும் காத்திருப்போரும் உள்ளனர்.

மீளத் தொடங்கும் காலத்தில் கறண்ட் பல வழிகளில் வருகிறது. அயல் வீட்டிலிருந்து இழுத்த வயர், இரவலாக வாங்கிய ஜெனறேற்றர், மானியத்தில் கிடைத்த சோலர் பம், கடைசியாக மீற்றருடன் கூடிய நிரந்தர இணைப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே ட்றிப் சுவிச்சை வாங்கிப் பூட்டிவிட்டு, “இனிப் பயமில்லை” என்று இருந்துவிடுகிறோம். அந்த நம்பிக்கை எங்கே சரி, எங்கே பிழை என்பதே இந்தப் பாடம். பிழையான இடத்தில் வைத்த நம்பிக்கை ஓர் உயிரைக் கொண்டுபோகலாம் என்பதால், சற்று நீளமாக இருந்தாலும் முழுவதையும் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் வாசிக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் பிள்ளைகள் வாசித்துக் காட்டலாம்.

கறண்ட் உடலில் என்ன செய்கிறது?

நாம் வோல்ற் எவ்வளவு என்றுதான் கேட்கிறோம். ஆனால் உயிரைத் தீர்மானிப்பது உடலுக்குள் எத்தனை அம்பியர் ஓடியது, எவ்வளவு நேரம் ஓடியது, எந்த வழியால் ஓடியது என்பவையே. ஓர் அம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லியம்பியர். ஒரு சாதாரண மின்குமிழுக்குள் ஓடும் கறண்டைவிட மிகக் குறைந்த அளவே ஒரு மனிதனைக் கொல்லப் போதும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ள்ஸ் டால்சியல் இதை முறையாக அளந்தவர்களுள் முக்கியமானவர். தாமாக முன்வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, எந்த அளவு வரை அவர்களால் பிடியை விட முடிகிறது என்று பார்த்தார். ஆண்கள் சராசரியாக 16 மில்லியம்பியர் வரையும், பெண்கள் சராசரியாக 10.5 மில்லியம்பியர் வரையும் விடக்கூடியவர்களாக இருந்தனர். அதற்கு மேல் தசைகள் இறுகி, கை கம்பியைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். “கறண்ட் பிடிச்சு இழுத்தது” என்று எமது ஊரில் சொல்வது இதையே. கறண்ட் இழுப்பதில்லை. எமது தசையே எம்மை விடாமல் வைத்திருக்கிறது.

இன்னும் கூடினால் மூச்சுத் தசைகள் நிற்கும். நெஞ்சு வழியாகப் போகும் கறண்ட் சில பத்து மில்லியம்பியரைத் தாண்டி ஒரு விநாடி அளவுக்கு நீடித்தால், இதயம் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். அதன் பின் இரத்தம் ஓடாது. கையிலிருந்து காலுக்கு எமது உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ற் வயரைத் தொட்டால் 230 மில்லியம்பியர் ஓடும். இறைப்பு நேரத்தில் வெறுங்காலுடன் ஈர வாய்க்காலில் நிற்பவருக்கு அந்தத் தடை இன்னும் குறையும். ஆகவே கமக்காரர், அலுவலகத்தில் நாற்காலியில் இருப்பவரைவிடக் கூடிய ஆபத்தில் நிற்கிறார்.

மீடிறன் என்ற சொல்

வீட்டுக் கறண்ட் ஒரே திசையில் ஓடுவதில்லை. முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓடுகிறது. ஒரு விநாடிக்கு எத்தனை தரம் முழுதாக இவ்வாறு போய்வருகிறதோ அதுவே மீடிறன். இதை ஹேர்ட்ஸ் என்ற அலகால் சொல்வார்கள். இலங்கையில் வீட்டுக்கு வருவது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்.

மீடிறன் எங்கிருந்து வருகிறது என்பதை எமது மக்கள் புத்தகம் இல்லாமலே அறிந்திருந்தார்கள். 1990 இன் பின் குடாநாட்டில் கறண்ட் இல்லாத ஆண்டுகளில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை மிதித்து வானொலிச் செய்தி கேட்ட காலத்தை மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். வேகமாகச் சுற்றினால் டைனமோவின் கறண்ட் கூடிய விரைவில் முன்பின்னாக மாறும். மெல்லச் சுற்றினால் குறையும். சில்லில் உரசிச் சுழலும் அந்தச் சிறு டைனமோ, சாதாரண சைக்கிள் வேகத்திலேயே விநாடிக்கு 200 தரம் அளவுக்கு மாறும் கறண்டைத் தருகிறது. அதாவது வீட்டுக் கறண்டைவிட உயர்ந்த மீடிறன். 6 வோல்ற் மாத்திரமே என்பதால் அது எம்மை ஒன்றும் செய்யவில்லை.

பெரிய மெசினிலும் இதே கணக்குத்தான். இரண்டு காந்த முனைகள் உள்ள ஜெனறேற்றர் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் 50 ஹேர்ட்ஸ் கிடைக்கும். அதனால்தான், பாரம் கூடி எஞ்சின் திணறும்போது மின்விசிறியும் மெல்லச் சுற்றுகிறது.

இந்த மீடிறன் எமக்கு ஏன் முக்கியம்? மனித உடலும் ட்றிப் சுவிச்சும் இரண்டுமே மீடிறனைப் பொறுத்து வேறு வேறாக நடந்துகொள்கின்றன. 50, 60 ஹேர்ட்ஸ் அளவே இதயத்துக்கும் தசைக்கும் மிகக் கெட்ட அளவுகளுள் அடங்கும். அந்த அளவையே உலகம் வீட்டுப் பாவனைக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறது. எனவே அந்த அளவிலிருந்து எம்மைக் காப்பதற்கென்றே சாதாரண ட்றிப் சுவிச்சும் செய்யப்பட்டிருக்கிறது.

ட்றிப் சுவிச்சின் உள்ளே

ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துப் பாருங்கள். இரண்டும் சமமாக இழுத்தால் நுகம் நேராக இருக்கும். ஒன்று தளர்ந்தால் நுகம் கோணும். ட்றிப் சுவிச்சுக்குள் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. போகும் கறண்டின் வயரும், திரும்பும் கறண்டின் வயரும் அந்த வளையத்தினூடாகச் செல்கின்றன. போனதும் வந்ததும் சமமானால் வளையத்தில் காந்தம் உண்டாகாது. மோட்டரின் உடம்பு வழியாகவோ மனித உடல் வழியாகவோ சிறிதளவு கறண்ட் நிலத்துக்கு ஒழுகினால், திரும்பி வருவது குறையும். நுகம் கோணும். வளையத்தில் காந்தம் உண்டாகி, அதில் சுற்றிய மெல்லிய கம்பியில் கறண்ட் பிறந்து, சுவிச்சை விழுத்தும்.

வீட்டுக்குரியதில் 30 மில்லியம்பியர் என்று எழுதியிருக்கும். 15 க்கும் 30 க்கும் இடையில் அது விழ வேண்டும். 30 மில்லியம்பியர் ஒழுக்கில் 0.3 விநாடிக்குள்ளும், அதன் ஐந்து மடங்கு ஒழுக்கில் 0.04 விநாடிக்குள்ளும் விழ வேண்டும் என்பது விதி. கறண்டின் அளவை அது குறைப்பதில்லை. நேரத்தையே குறைக்கிறது. ஆகவே ட்றிப் சுவிச் இருந்தாலும் அடி விழும். ஆனால் இதயம் தடுமாறுவதற்கு முன் கறண்ட் நின்றுவிடும்.

இரண்டு வயரையும் இரு கைகளால் பிடித்து, நிலத்தோடு தொடர்பில்லாமல் ஒருவர் நின்றால் அது விழாது. போனது அவ்வளவும் மற்ற வயரால் திரும்பிவிடுகிறது. சுவிச்சுக்கு அவர் ஒரு மின்குமிழ் போலத்தான் தெரிவார். ட்றிப் சுவிச் இருக்கிறது என்று சொல்லிக் கறண்டுடன் வேலை செய்யக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

எமது மண்ணும் எர்த் கம்பியும்

இணுவில் மண் நல்ல செம்மண். வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைந்த மண். ஆனால் அதன் கீழே சுண்ணக்கல். பல இடங்களில் எர்த் கம்பியை அடிக்கும்போது சில அடிகளிலேயே கல் தட்டுப்படும். கம்பியை வெட்டிவிட்டு, “அது காணும்” என்று விடுபவர்கள் உண்டு. கோடையில் மேல் மண் காய்ந்தால் அந்தக் கம்பியின் தடை இன்னும் கூடும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். எர்த்தின் தடை 100 ஓம் என்று வையுங்கள். மோட்டரின் உள்ளே வயர் உரிந்து உடம்பில் பட்டுவிட்டது. 230 ஐ 100 ஆல் பிரித்தால் 2.3 அம்பியர்தான் நிலத்துக்கு ஓடும். 15 அம்பியர் பியூஸ் இதற்கு எரியாது. மோட்டர் உடம்பு முழுக் கறண்டுடன் அப்படியே நிற்கும். தொடுபவருக்கு அடி விழும். இதே இடத்தில் 30 மில்லியம்பியர் ட்றிப் சுவிச் இருந்தால், 2.3 அம்பியர் என்பது அதற்கு மிகப் பெரிய ஒழுக்கு. யாரும் தொடுவதற்கு முன்னரே அது விழுந்துவிடும். கல்லு நிலத்தில் ட்றிப் சுவிச் ஆடம்பரமல்ல, அவசியம் என்பது இதனால் விளங்கும்.

அதற்காக எர்த் வேண்டாம் என்று பொருளல்ல. எர்த் வயர் இல்லாத மோட்டரில் ஒழுக்கு ஏற்பட்டால், அது நிலத்துக்குப் போக வழி தேடிக் காத்திருக்கும். முதலில் தொடும் மனிதரே அந்த வழி ஆகிறார். கம்பி நேரே இறங்காவிட்டால் சரித்து அடிக்கலாம். ஒன்றுக்கு இரண்டாக இடைவெளி விட்டு அடித்து இணைக்கலாம். குளித்த தண்ணீர் ஓடும் வாழைப்பாத்திப் பக்கம் போன்ற ஈரமான இடத்தைத் தெரிவுசெய்யலாம்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. ட்றிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை அமத்தினால் அது விழுகிறது. அதைக் கண்டு “எர்த்தும் சரி” என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பொத்தான் சுவிச்சுக்குள்ளேயே ஒரு சிறு ஒழுக்கை உண்டாக்குகிறது. எர்த் வயர் அறுந்திருந்தாலும் அது விழும். பொத்தான் சொல்வது சுவிச்சின் நலத்தை மாத்திரமே. எர்த்தின் நலத்தை எலெக்ரீசியன் கருவி கொண்டு அளந்தே சொல்ல முடியும்.

ஜெனறேற்றரில் ஏன் விழுவதில்லை?

1990 இல் குடாநாடு நாட்டின் பொது மின் வலையமைப்பிலிருந்து அறுந்தது. போர் முடிந்த பின்னர், 2010 க்குப் பிற்பட்ட ஆண்டுகளிலேயே அது மீண்டும் இணைந்தது. இடைப்பட்ட காலத்தில் ஜெனறேற்றரே பல இடங்களில் வெளிச்சம் தந்தது. இன்றும் கரண்ட் இணைப்புக் கிடைக்காத காணியில் அதுவே முதல் உதவி. ஆனால் ஜெனறேற்றரும் பொது இணைப்பும் ஒரே மாதிரியானவை அல்ல.

பொது இணைப்பில் ஒரு வயர், அதாவது நியூட்றல், ட்றான்ஸ்போமர் அருகில் நிலத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே நிலத்துக்கு ஒழுகிய கறண்ட் நிலத்தின் வழியே ட்றான்ஸ்போமருக்குத் திரும்புகிறது. சிறு ஜெனறேற்றர்கள் பலவற்றில் இரண்டு வயர்களுமே நிலத்துடன் தொடர்பில்லாமல் இருக்கின்றன. ஒன்றைத் தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. “இந்த ஜெனறேற்றர் அடிக்காது” என்ற தவறான பேச்சு இதிலிருந்தே பிறக்கிறது.

ஒரு நாள் தோட்டத்தில் இழுத்த வயர் எங்கோ உரிந்து ஈர மண்ணில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதுவும் நடக்காததால் யாரும் அறியமாட்டார்கள். அடுத்த நாள் ஒருவர் மற்ற வயரைத் தொடுகிறார். இப்போது அவர் உடல் வழியே, நிலத்தின் வழியே, உரிந்த வயருக்குச் சுற்று முழுமையாகிறது. ட்றிப் சுவிச் இந்த இரண்டு இடங்களுக்கும் முன்னால் இருந்தால், போனதும் வந்ததும் அதற்குள்ளாலேயே சமமாக ஓடுகின்றன. நுகம் கோணவில்லை. சுவிச் விழாது. சோதனைப் பொத்தானை அமத்தினால் மட்டும் விழும்.

ஜெனறேற்றரின் ஒரு முனையை அதன் உடம்புடனும் எர்த் கம்பியுடனும் இணைத்து, அதற்குப் பின்னால் ட்றிப் சுவிச்சைப் பூட்டினால்தான் அது காவல் செய்யும். எல்லா ஜெனறேற்றருக்கும் இது பொருந்தாது. இதை அதன் கைந்நூலைப் பார்த்து எலெக்ரீசியனே செய்ய வேண்டும். வீட்டு வயரிங்குடன் இணைப்பதாயின் மாற்றுச் சுவிச் கட்டாயம். இல்லாவிட்டால் உங்கள் ஜெனறேற்றரின் கறண்ட் வீதிக் கம்பிக்கு ஏறி, அங்கே வேலை செய்யும் ஊழியரைக் கொல்லக்கூடும்.

பலாலியில் 400 ஹேர்ட்ஸ்

இனி உயர்ந்த மீடிறனுக்கு வருவோம். எமது வாசகர் பலரின் காணிகளுக்கு அருகிலேயே அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2019 ஒக்ரோபர் 17 இல் பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறந்துவைக்கப்பட்டது. விமானங்களின் உள்ளே ஓடும் மாறும் கறண்ட் பெரும்பாலும் 115 வோல்ற், 400 ஹேர்ட்ஸ். பலாலிக்குச் சென்னையிலிருந்து வந்த ஏ.டி.ஆர். 72 வகை விமானத்தில் ஜெனறேற்றரை விசிறியின் தண்டே சுற்றுவதால், மீடிறன் ஒரே அளவில் நிற்காமல் ஏறத்தாழ 340 இலிருந்து 490 வரை ஏறி இறங்கும். எமது சைக்கிள் டைனமோவின் கதையேதான்.

ஏன் இவ்வளவு உயர்வு? மீடிறன் கூடினால் ஒரே வேலையைச் செய்யும் ட்றான்ஸ்போமரும் மோட்டரும் சிறிதாகவும் பாரம் குறைந்ததாகவும் இருக்கலாம். பறக்கும் மெசினில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. கட்டட வேலையில் கொங்கிறீற்றை அதிரவைக்கும் சில கருவிகளும் 200 ஹேர்ட்ஸில் இயங்குகின்றன.

உயர்ந்த மீடிறன் உடலுக்கு நல்லதா? ஒரு பகுதி உண்மை உண்டு. இதயத்தைத் தடுமாறச் செய்ய 1000 ஹேர்ட்ஸில் 50 ஹேர்ட்ஸைவிட ஏறத்தாழ 14 மடங்கு கறண்ட் வேண்டும் என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் ஆவணங்கள் சொல்கின்றன. ஆனால் பிடியை விட முடியாமற் போகும் அளவு அதே 1000 ஹேர்ட்ஸில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் உயர்கிறது. அதாவது இதயம் ஓரளவு தப்பினாலும் கை தப்புவதில்லை. கை விடாவிட்டால் மூச்சுத் தசையும் இறுகும். எரிகாயமும் உண்டு. எனவே உயர் மீடிறன் பாதுகாப்பானது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது.

ட்றிப் சுவிச்சின் நிலை என்ன? 50 ஹேர்ட்ஸுக்கென்று செய்த சுவிச்சை 400 ஹேர்ட்ஸில் பூட்டினால் இரண்டு கெடுதிகள் வருகின்றன. முதலாவது, அதன் வளையமும் விழுத்தும் பொறியும் அந்த வேகத்துக்கு ஏற்றவை அல்ல. 30 மில்லியம்பியரில் விழ வேண்டியது அதைவிடப் பல மடங்கு கூடிய ஒழுக்கிலேயே விழலாம், விழாமலும் விடலாம். இரண்டாவது, வயரின் உறைக்கூடாகவும் கருவிகளின் வடிகட்டிகளுக்கூடாகவும் எப்போதும் சிறிதளவு கறண்ட் நிலத்துக்குக் கசிகிறது. மீடிறன் எட்டு மடங்கானால் இந்தக் கசிவும் எட்டு மடங்காகும். 50 ஹேர்ட்ஸில் 1 மில்லியம்பியர் கசிந்த கருவி 400 ஹேர்ட்ஸில் 8 மில்லியம்பியர் கசியும். அப்படி நான்கு கருவிகள் சேர்ந்தால் எந்தப் பிழையும் இல்லாமலே 30 ஐத் தாண்டும். ஆக, விழ வேண்டியபோது விழாமலும், விழக்கூடாதபோது விழுந்தும் அது எம்மை ஏமாற்றும்.

ஆகையால் இத்தகைய இடங்களில் ஒரே சுவிச்சில் உயிரை ஒப்படைப்பதில்லை. தரையிலிருந்து விமானத்துக்கு 400 ஹேர்ட்ஸ் கறண்ட் கொடுக்கும் பெரிய பிளக்கில் ஆறு முனைகள் உண்டு. அவற்றுள் இரண்டு கட்டையானவை. பிளக் முழுதாகச் செருகப்பட்டு அந்தக் கட்டை முனைகள் பொருந்திய பின்னரே கறண்ட் வரும். யாராவது பிளக்கை இழுத்தால் அவையே முதலில் விலகி, பெரிய முனைகள் வெளியே தெரிவதற்கு முன் கறண்ட் நின்றுவிடும். கொங்கிறீற் அதிர்விகளில் பலவற்றுக்கு 42 வோல்ற் மாத்திரமே கொடுக்கிறார்கள். ஈரத்தில் நிற்பவரின் கைக்கு வரும் வோல்றையே குறைத்துவிடுவது இன்னொரு வகைக் காவல். அந்த மீடிறனுக்கென்று தனியாகச் செய்த ஒழுக்குக் காவல் சாதனங்களும் உண்டு.

தோட்டத்துக்குள் வந்துவிட்ட உயர் மீடிறன்

“விமானம் எங்களுக்கு எதற்கு?” என்று கேட்கலாம். ஆனால் உயர் மீடிறன் இப்போது எமது கிணற்றடிக்கே வந்துவிட்டது. சோலர் பம்முடன் வரும் பெட்டியும், மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியும் இன்வேற்றர் வகையைச் சேர்ந்தவை. அவை கறண்டை விநாடிக்குப் பல ஆயிரம் தரம் வெட்டி வெட்டி மோட்டருக்கு அனுப்புகின்றன. கிணற்றுக்குள் இறங்கும் நீண்ட வயரினூடாக இந்த வேகமான வெட்டுகள் நிலத்துக்குக் கசிகின்றன. பொது இணைப்பிலிருந்து இயங்கும் இத்தகைய பெட்டிக்கு முன்னால் சாதாரண ட்றிப் சுவிச் இருந்தால், மோட்டரைப் போட்டவுடன் அது விழலாம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் சுவிச்சைத் தாண்டி நேராக வயரைக் கொடுத்துவிடுகிறார்கள். பயிர் வாடுகிறதே என்ற அவசரம் எமக்கு விளங்குகிறது. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கிணற்றடியில் காவல் இல்லை.

இன்னொரு கெடுதி ஓசையில்லாமல் வருகிறது. இத்தகைய பெட்டியில் பிழை ஏற்பட்டால் மாறாத நேர்க் கறண்ட் ஒழுகலாம். அது ட்றிப் சுவிச்சின் இரும்பு வளையத்தை மரத்துப்போகச் செய்யும். அதன் பின் உண்மையான ஒழுக்கு வந்தாலும் சுவிச் அசையாது. அதே சுவிச்சில் வீடும் இணைந்திருந்தால் வீட்டுக்கும் காவல் போய்விடும்.

இதற்காகவே ட்றிப் சுவிச்சில் வகைகள் செய்திருக்கிறார்கள். அதன் முகத்தில் சிறு சதுரத்துக்குள் ஒரு கோட்டுப்படம் இருக்கும். ஓர் அலை மாத்திரம் இருந்தால் அது ‘ஏசி’ வகை. சாதாரண மாறும் கறண்டுக்கு மட்டும். அலைக்குக் கீழே துண்டு துண்டான மேடுகள் இருந்தால் ‘ஏ’ வகை. துடிப்பாக வரும் நேர்க் கறண்டையும் அறியும். ‘எஃப்’ வகை, ஒரு கட்ட இணைப்பில் இயங்கும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கலப்பு மீடிறன்களையும் அறியும். ‘பி’ வகை மாறாத நேர்க் கறண்டையும் 1000 ஹேர்ட்ஸ் வரையான ஒழுக்கையும் அறியும், விலை கூடியது. எந்தப் பெட்டிக்கு எந்த வகை என்பது அதன் கைந்நூலில் இருக்கும். பம் தரும் நிறுவனத்திடமும் திட்ட உத்தியோகத்தரிடமும், பணம் கட்டுவதற்கு முன்னரே இதைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சோலர் தகட்டிலிருந்து பெட்டி வரை வரும் வயரை ட்றிப் சுவிச் காப்பதில்லை. வெயில் உள்ளவரை அந்த வயரில் கறண்ட் இருக்கும். பல தகடுகளைத் தொடராக இணைத்தால் அது சில நூறு வோல்ற் ஆகலாம். அதில் கை வைக்கக்கூடாது.

வீட்டிலும் தோட்டத்திலும் செய்ய வேண்டியவை

1. உங்கள் கறண்ட் எங்கிருந்து வருகிறது என்று முதலில் அறியுங்கள். பொது இணைப்பா, ஜெனறேற்றரா, இன்வேற்றரா? காவல் அதற்கேற்ப வேறுபடும்.

2. பொது இணைப்பில் 30 மில்லியம்பியர் ட்றிப் சுவிச்சும் நல்ல எர்த்தும் இரண்டும் வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

3. மாதம் ஒரு முறை சோதனைப் பொத்தானை அமத்துங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். எர்த்தைக் கோடையில் ஒரு முறை அளக்கச் செய்யுங்கள்.

4. இன்வேற்றர் பெட்டியையும் வீட்டையும் ஒரே ட்றிப் சுவிச்சில் இணைக்க வேண்டாம்.

5. சுவிச் அடிக்கடி விழுந்தால் அதைத் தாண்டி வயர் கொடுக்க வேண்டாம். அது ஏதோ சொல்ல வருகிறது. ஒவ்வொரு கருவியாகக் கழற்றிப் பார்த்தால் எதனால் விழுகிறது என்று பிடிபடும். எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் விழுந்தால் வயரிங்கைப் பார்க்க வேண்டும்.

6. மோட்டர் கிணற்றுக்குள் இருந்தால், பிளக்கைக் கழற்றாமல் கிணற்றில் இறங்கவோ மோட்டரைக் கயிற்றில் தூக்கவோ கூடாது.

7. அயல் வீட்டிலிருந்து வயர் இழுத்தால் எர்த் வயருடன் மூன்று வயராக இழுங்கள். வேலியில் கட்டியும் வாய்க்காலில் போட்டும் இழுக்க வேண்டாம். ஒட்டு விழும் இடம் தண்ணீர் படாத உயரத்தில் இருக்கட்டும்.

ஒருவருக்குக் கறண்ட் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால், காய்ந்த பலகையில் நின்று காய்ந்த தடியால் வயரை விலக்குங்கள். வீதிக் கம்பி என்றால் கிட்டப் போகவே வேண்டாம். மின் விநியோக அலுவலகத்துக்கு அறிவித்துக் கறண்டை நிறுத்திய பின்னரே நெருங்க வேண்டும். மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், இரண்டு அங்குலம் அமிழும்படி அழுத்துங்கள். மற்றொருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அது வரும்வரை அழுத்துவதை நிறுத்த வேண்டாம். சுகமாக எழுந்துவிட்டாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கூடிப் பேசுவதற்கு

அ. எமது முகாமில் அல்லது குறிச்சியில் எத்தனை வீடுகளில் ட்றிப் சுவிச் இருக்கிறது? எத்தனையில் அதைத் தாண்டி வயர் கொடுத்திருக்கிறார்கள்? ஏன்?

ஆ. எர்த் அளக்கும் கருவி உள்ள ஓர் எலெக்ரீசியனைச் சங்கத்தின் மூலம் அழைத்து, ஒரே நாளில் எல்லா வீடுகளையும் பார்க்கச் செய்யலாமா? செலவைப் பகிர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வரும்?

இ. புதிதாகக் கிடைக்கும் சோலர் பம்முக்கு எந்த வகை ட்றிப் சுவிச் வேண்டும் என்று யாரிடம், எப்போது கேட்பது?

மீளக் குடியேறும் குடும்பத்திடம் பணம் அளந்துதான் இருக்கும். கூரைக்கும் விதைக்கும் போக மிஞ்சுவதில் ட்றிப் சுவிச்சின் முறை கடைசியாகவே வருகிறது. ஆனால் மோட்டரைப் போட முதலில் ஓடுவது வீட்டுப் பிள்ளைதான். மோட்டர் வாங்கும் அதே நாளில், அதற்கேற்ற காவலையும் கேட்டு வாங்குங்கள்.